வரவு செலவுத் திட்டத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்கலாம் என்றால், திருகோணமலைக்கு எதைக் கேட்பது?

உவர்மலை அடிவாரத்தான் (கேள்வி)

எங்கள் பகுதியின் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். வருகிற ஆண்டுக்கான உள்ளூராட்சி வரவு செலவுத் திட்டம் தயாராகிற காலம் இது என்பதால், பொதுமக்களின் முன்மொழிவுகளைக் கேட்டிருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் பதினேழு முன்மொழிவுகள் வந்தன. ஒருவர் பூங்கா கேட்டார், ஒருவர் வீதிக்குக் காபட் போட வேண்டும் என்றார், இன்னொருவர் உடற்பயிற்சிக் கூடம் வேண்டும் என்று நின்றார். "பதினேழையும் எழுதினால் ஒன்றும் நடவாது. ஒன்றை மட்டும் எழுது, காரணத்தை ஒரு பக்கத்துக்குள் எழுது" என்று தலைவர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

ஊர் பல தலைமுறைக்குத் தாங்க வேண்டும், இருப்பவர்களுக்கு வாழ வசதியாக இருக்க வேண்டும், கையில் நாலு காசு புழங்கவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒரு சிறிய வேலையால் தொட முடியுமா என்பதுதான் என் கேள்வி. யோசித்துப் பார்த்தால், இந்த ஊருக்கு வருவதெல்லாம் தங்காமல் போய்விடுகிறது. மாரி மழை எங்கள் வீதியில் முழங்கால் அளவுக்கு ஓடி, இரண்டு மணித்தியாலத்தில் உட்துறைமுகத்தில் கலந்துவிடுகிறது. ஓகஸ்டில் அதே வீதியின் கிணறுகளில் அடிமண் தெரிகிறது, குழாயில் வருகிற கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி இருக்கிறோம். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் வாகனத்திலேயே கோட்டை வாசலைக் கடந்து, கும்பிட்டு, மான்களோடு படம் எடுத்துக்கொண்டு, அதே வாகனத்தில் நிலாவெளிக்கோ தம்புள்ளைக்கோ போய்விடுகிறார்கள். சீனக்குடாவில் அரைக்கிற மாவும் சீமெந்தும் போகின்றன. உயர்தரம் முடித்த பிள்ளைகளும் போகிறார்கள்.

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். போன நவம்பரில் எங்கள் வீதியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மூன்று மெசின்களையும் மேசைமேல் ஏற்றிவிட்டு, வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஓகஸ்டில் அதே வாசலில் வெயில் தாங்காமல் ஒரு பழைய சேலையை இழுத்துக் கட்டி நிழல் செய்திருக்கிறார். சேலையின் பூக்கள் ஒரு பக்கம் முற்றாக வெளுத்துப் போயிருந்தன. ஒரே வாசலில் இப்படி இரண்டு தொல்லை. விடயம் தெரிந்தவர்கள் கருத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற டீ.ஓ.

செயலாளர் தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீ.ஓ.) வீதி, கான் (மழைநீர் வடிகால்), மதகு என்று அளந்து திரிந்தவன் என்பதால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அந்தத் தையல் கடை வாசலின் நவம்பரும் ஓகஸ்டும் ஒரே நோயின் இரண்டு குணங்கள். எனவே தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் "கான் கட்டித் தாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் இப்போதிருப்பதைவிட அகலமான ஒரு கொங்கிரீட் பெட்டி கிடைக்கும், மூன்றாவது மாரியில் அதுவும் மண் மூடிப்போகும்.

நமது நகரத்தின் கிடப்பை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலம். உவர்மலை போன்ற பாறை மேடுகளில் விழும் மழை நிலத்துக்குள் இறங்காமல் நேரே அடிவாரத்துக்கு ஓடி வருகிறது. அடிவாரத்திலிருந்து கரை வரை நிலம் ஏறக்குறைய மட்டமாகக் கிடப்பதால் வந்த தண்ணீருக்கு ஓடுவதற்குச் சாய்வு போதவில்லை. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வற்று நேரத்தில் கான் தானாக வடிந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, மழை பெய்கிற அதே மாதங்களில்தான் வாடைக் காற்று அலையை எழுப்பி, திறந்த கடல் பக்கத்துக் கான் வாய்களில் மணலை வாரிப் போடுகிறது. மேலே எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் வாய் அடைத்திருந்தால் அது கான் அல்ல, தொட்டி.

ஒரு சிறு கணக்கு. உங்கள் வீதி அரைக் கிலோமீற்றர் நீளம், எட்டு மீற்றர் அகலம் என்று வைத்தால் 4,000 சதுர மீற்றர். ஒரு மழைக்கு 50 மில்லிமீற்றர் பெய்தால், அந்தத் தார்ப்பரப்பில் மட்டும் 200 கன மீற்றர் தண்ணீர் விழுகிறது. பத்தாயிரம் லீற்றர் தண்ணீர் வண்டியில் (பவுசரில்) இருபது வண்டி. கூரைகளும் சீமெந்து போட்ட முற்றங்களும் இதில் சேரவில்லை. முற்றத்துக்குச் சீமெந்து போடுகிற பழக்கம் வந்த பிறகுதான் இந்த வெள்ளம் வந்தது என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே தண்ணீரை விரைவாக அனுப்புவதைவிட மெதுவாக்குவதே வேலை. வீதியோரத்தில் ஒன்றரை மீற்றர் நீள அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் கொண்ட குழியை வெட்டி, உடைகல் நிரப்பி, வீதித் தண்ணீர் அதற்குள் இறங்கும்படி ஓரக்கல்லில் ஒரு வாய் விட்டால், கற்களின் இடைவெளியில் மட்டும் ஏறக்குறைய 900 லீற்றர் நிற்கும். பத்து மீற்றருக்கு ஒன்றாக இரு பக்கமும் வெட்டினால் நூறு குழிகள், 90 கன மீற்றர். மேலே சொன்ன 200இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. நிலம் மணலாக இருக்கிற இடத்தில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே குழி உறிஞ்சவும் தொடங்கும். பாறை தட்டுகிற இடத்தில் குழி வெட்டிப் பயனில்லை, அங்கே காசை வீணாக்காதீர்கள். குழிக்குப் பக்கத்தில் வேம்போ புங்கையோ, உப்புக் காற்றுப் படுகிற இடமென்றால் பூவரசோ வைத்தால், அதன் வேருக்குக் கோடையிலும் ஈரம் கிடைக்கும். நான்கைந்து ஆண்டில் உங்கள் தையல் கடைக்குச் சேலை தேவைப்படாது. மின்கம்பிக்கு நேர் கீழே மட்டும் உயரமான மரம் வேண்டாம். வைத்தவர் ஒருவர், வெட்டுகிறவர் இன்னொருவர் என்ற கதையை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, காசைப் பற்றி. நாம் கட்டுகிற ஆதன வரிக்கு எங்கள் பக்கத்தில் சோலைவரி என்று பெயர். வீதியில்தான் சோலையைக் காணவில்லை. அந்த வரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியின் மேல் கணிக்கப்படுகிறது. பெறுமதியை நெடுங்காலம் மீள மதிப்பிடாமல் விட்டால் செலவு ஏற ஏற வருமானம் பழைய இடத்திலேயே நிற்கும், பராமரிப்புத்தான் முதலில் அடிபடும். எனவே உங்கள் முன்மொழிவில் கட்டுமானச் செலவோடு, ஆண்டுதோறும் ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் கான் வாயையும் குழிகளையும் துப்புரவாக்கும் செலவையும் தனி வரியாக எழுதுங்கள். அதை எழுதாத முன்மொழிவை நான் அதிகாரியாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைத்தெருக்காரன்

டீ.ஓ. ஐயாவின் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் எழுதும்போது நிழலை முதலில் எழுதுங்கள், தண்ணீரை இரண்டாவதாக எழுதுங்கள். வெள்ளம் ஆண்டில் சில நாட்கள். வெயில் ஆறு மாதம்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாட்களில் காலை பதினொரு மணிக்குப் பிறகு கடைத்தெருவில் நின்று பாருங்கள். காற்று அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். பின்னேரம் நாலு மணி வரை நடந்து வருகிற வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. வருகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போகிறார். நடந்து வருகிறவர்தான் நான்கு கடை ஏறி இறங்குவார், ஒன்றை வாங்க வந்து மூன்றை வாங்குவார். கடைக்காரனுக்கு ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் போனால் மாதத்தில் எத்தனை நாள் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் அப்பப்பா காலத்துக் கடைகளுக்கு முன்னால் விறாந்தை இருந்தது. தூண், மேலே ஓடு, கீழே சீமெந்துத் திண்ணை. மழையானாலும் வெயிலானாலும் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நனையாமல் போகலாம். பிறகு ஒவ்வொருவராக விறாந்தையைச் சேர்த்துக் கடையை முன்னுக்கு இழுத்தார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் செய்தது, அதை மறைக்க மாட்டேன். எல்லோரும் இழுத்த பிறகு எல்லோருக்கும் ஆறு அடி கூடுதலாகக் கிடைத்தது, வாடிக்கையாளருக்கு நிற்க இடமில்லாமல் போனது. சிங்கப்பூரில் 1822 இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே கடைகளுக்கு முன்னால் மூடிய நடைபாதை விட வேண்டும் என்ற விதி இருந்தது. ஐந்தடி நடை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் அங்கே எழுதிய விதியை, புதிதாகக் கட்டுகிற கடைகளுக்கு இங்கே இனியாவது எழுதலாம்.

சுற்றுலாப் பயணிகளைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்கள் வருகிற காலமே ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை, அதாவது சரியாக இந்த வெயில் காலம். உப்புவெளியில் தங்கியிருப்பவர் கோயிலுக்கும் கோட்டைக்கும் வந்தால், அங்கிருந்து கடைத்தெருவுக்கு நடந்து வரக் கூடிய தூரம்தான். நிழலில்லாத வீதியில் யார் நடப்பார்?

மான்களைப் பற்றியும் ஒரு சொல். கோட்டையிலிருந்து இறங்கி வருகிற மான்கள் நமது சந்தைக் குப்பையில் பொலித்தீனைச் சேர்த்துத் தின்கின்றன. உக்குகிற குப்பையை வீட்டிலும் சந்தையிலும் பிரித்து வைத்தால் இந்த அவலத்தில் பாதி குறையும், ஏனென்றால் நமது குப்பையில் பெரும்பங்கு மரக்கறிக் கழிவும் சோற்று மீதியும்தான். கேரளத்தின் ஆலப்புழையில் குப்பை மேட்டுக்கு அருகே இருந்த மக்கள் போராடிய பிறகு, 2012 அளவில் நகரம் முழுவதும் உக்குகிற குப்பையை அந்தந்த வட்டாரத்திலேயே பசளையாக்கத் தொடங்கினார்கள். 2017 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு அதை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக எடுத்துக் காட்டியது. அதே 2017 ஏப்ரலில் நமது நாட்டில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்தது. டீ.ஓ. ஐயாவின் மரங்களுக்கு அந்தப் பசளை உதவும். ஆனால் இதை எழுதினால் இரண்டாவது முன்மொழிவாகிவிடும், தலைவர் ஏசுவார்.

கங்கையோரம்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். திருகோணமலை நகரத்தைப் பற்றிய பேச்சுகளில் நகரத்துக்குள் இருப்பவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. கடைத்தெருக்காரர் அண்ணனின் கடையில் நின்று நிறுத்துக் கொடுக்கிற பையன் எங்கிருந்து வருகிறான்? கிண்ணியாவிலிருந்து, மூதூரிலிருந்து, தம்பலகாமத்திலிருந்து. நகரத்தின் பொருளாதாரம் என்பது அவன் காலையில் நேரத்துக்கு வந்து, இரவில் பத்திரமாக வீடு போய்ச் சேருவதும்தான்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த நாளை எங்கள் ஊரில் பெருநாள் போல நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் பாதையில்தான் கடந்தோம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதி அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதப்புத் தட்டு. 2021 நவம்பர் 23 இல், கிண்ணியாவின் இன்னொரு கடவையான குறிஞ்சாக்கேணியில் அப்படியொரு பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. போக்குவரத்து வசதி என்று யாராவது இலேசாகச் சொல்லும்போது எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

பாலம் வந்துவிட்டது, ஆனால் மாலையில் பஸ் இல்லை. என் தம்பி நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்தான். மஃரிபுக்குப் பிறகு பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். கிடைக்காத நாளில் ஓட்டோவுக்குக் கொடுத்த காசு அன்றைய சம்பளத்தில் கால் பங்கைத் தின்றது. ஏழு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, இப்போது கட்டாரில் இருக்கிறான். செயலாளர் அவர்கள் "பிள்ளைகளும் போகிறார்கள்" என்று எழுதியதற்கு எங்கள் வீட்டுச் சாட்சி இது. சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று ரயில் பாதை போட்டே கிடக்கிறது, அதில் காலையும் மாலையும் ஒரு ரயில் பஸ் ஓடினால் எத்தனை பேர் பயன்பெறுவார்கள்! உட்துறைமுகத்திலிருந்து மூதூருக்கு லோஞ்ச் ஓடியதை மூத்தவர்கள் இன்னும் கதைப்பார்கள். ஆனால் இவையெல்லாம் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் கையில் இருப்பது தரிப்பிடம். குழியும் மரமும் வைக்கிற அதே வீதியில் பஸ் தரிப்பிடம் இருந்தால், அதற்குக் கூரையும், இரவு வெளிச்சமும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகையும் சேர்த்துக் கேளுங்கள். நேரத்தை எழுதி வைத்தால்தான் வராத பஸ்ஸைப் பற்றி முறைப்பாடு செய்ய முடியும்.

டீ.ஓ. ஐயாவுக்கு ஒரு கேள்வி. 2017 இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டை நாங்கள் மறக்கவில்லை. வீதியோரம் நூறு குழியில் தண்ணீரை நிறுத்தினால் நுளம்பு வளராதா?

திருக்கடலூரான்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மரமும் தரிப்பிடமும் வைத்து ஊர் பொருளாதாரத்தில் வலிமை பெறும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உலகம் அறிந்த இயற்கைத் துறைமுகம் இங்கே இருக்கிறது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. 2003 இலும் 2022 இலும் அவற்றுக்காக ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின் நிலையம் கைவிடப்பட்டு, இப்போது சூரிய மின்சாரம் என்கிறார்கள். பெரிய காசு அங்கேதான் இருக்கிறது. அந்த வேலைகளுக்கு நமது பிள்ளைகள் தகுதி பெறுவதற்கு வழி கேட்பதல்லவா முறை?

அதைவிடச் சிறிதாகக் கேட்பதென்றால் மீனைக் கேளுங்கள். எங்கள் கரையில் விடியற்காலை இறங்குகிற மீன் ஐஸ் பெட்டியில் ஏறி லொறியில் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போகிறது. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. நல்ல மீன்பாடு கிடைத்த அன்றைக்கு விலை விழுந்தால், மீனை வைத்திருந்து மறுநாள் விற்க எங்களுக்குக் குளிரறை இல்லை, கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நிழலில் நடந்து வருகிற வாடிக்கையாளரைப் போலத்தான் ஐயா, நாங்களும் நிற்க ஓர் இடம் கேட்கிறோம்.

ஓய்வுபெற்ற டீ.ஓ.

கங்கையோரம் தம்பியின் கேள்வி மிகச் சரியானது, நானே எழுதியிருக்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். குழி இரண்டு நாளுக்குள் வற்ற வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை. மேலே கல் மூடியிருப்பதால் திறந்த நீர்ப்பரப்பும் இராது. வெட்டுமுன் ஒரு வாளி அகலத்துக்கு மாதிரிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று மணிக்கூட்டை வைத்துப் பாருங்கள். இறங்காத இடத்தில் வெட்டாதீர்கள். உண்மையில் நுளம்பு வளர்வது மண் மூடிச் சாய்வு கெட்டுத் தேங்கிக் கிடக்கிற நமது கொங்கிரீட் கான்களில்தான்.

திருக்கடலூரான் சொல்வதை நான் மறுக்கவில்லை. எண்ணெய்த் தாங்கி ஒப்பந்தத்துக்குச் செயலாளரின் ஒரு பக்கக் கடிதம் எட்டாது, அவ்வளவுதான். குளிரறை வேறு. அதை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, மீன்பிடித் திணைக்களத்துக்குத் தனிக் கடிதமாகக் கேட்க வேண்டும். எழுதுவதற்கு ஆள் தேவையென்றால் நான் சும்மாதான் இருக்கிறேன்.

உவர்மலை அடிவாரத்தான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்தப் பதில்களைத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எந்த வீதி?" என்பதுதான். நகரம் முழுவதுக்கும் கேட்டால் கிடைக்காது, ஒரு வீதிக்குக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும் என்பது அவரது வாதம். எனவே தையல் கடை இருக்கிற எங்கள் வீதிக்கு மட்டும் எழுதப் போகிறோம். கான் வாய்த் துப்புரவு, பாறை தட்டாத பகுதியில் குழிகள், மரங்கள், சந்தியில் கூரையும் நேரப் பலகையும் உள்ள பஸ் தரிப்பிடம், இவற்றின் ஆண்டுப் பராமரிப்புச் செலவு. பதினேழில் பூங்கா கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். தையல் கடை அக்காவிடம் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "மரத்தைக் கடை வாசலுக்கு நேரே வைத்துப் பெயர்ப்பலகையை மறைத்துவிடாதீர்கள்" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் மிச்சம். வீதியின் எந்தப் பக்கம் தாழ்வு என்பதில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது.

ஓய்வுபெற்ற டீ.ஓ.

அதற்குக் கருத்துத் தேவையில்லை, நீர்மட்டக் குழாய் போதும். என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். குழாயின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு பையன்களையும், எழுதுவதற்குச் சுண்ணக்கட்டியையும் ஆயத்தமாக வைத்திருங்கள். அன்று மழை பெய்தாலும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம், குடையோடு நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போவோம்.